குதிரைத்திறனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (தொண்டி): எங்களிடம் 25 அடி மர வள்ளம் இருக்கிறது. 9.9 குதிரைத்திறன் என்ஜினை எடுத்துவிட்டு 20 போட்டால், சுற்றுலா வருபவர்களை நீர்ச்சறுக்குக்கு இழுக்கலாம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வள்ளம் நீரைப் பிளந்து ஒதுக்கிக்கொண்டு போகும் வகை. வேகம் கூடக்கூட அது எழுப்பும் அலையும் நீளும். அலையின் நீளம் வள்ளத்தின் நீளத்தை எட்டியதும் அமரம் (பின்பகுதி) பள்ளத்தில் அமிழும், அணியம் (முன்பகுதி) தூக்கும், தான் எழுப்பிய அலையையே தாண்ட முடியாமல் வள்ளம் திணறும். நீர்மட்டத்தில் 25 அடி நீளம் என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 6.7 நாட், மணிக்கு 12 கிலோமீட்டர். பெரியவர் ஒருவர் சறுக்குப் பலகையில் நிற்க 30 கிலோமீட்டராவது வேண்டும். நீரின் மேல் எழும்பி வழுக்கி ஓடும், அடிப்பாகம் தட்டையான, எடை குறைந்த படகுக்குத்தான் அது கைகூடும். உங்கள் வள்ளம் மீன்பிடிக்கவே இருக்கட்டும்.

கேள்வி (ஏர்வாடி): என் மகனுக்கு எட்டு வயது. வளர்ந்த பிறகும் உதவட்டும் என்று பெரியவர் அளவில் உயிர்காப்பு உடை வாங்கினேன். பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் போதுமா?

பதில்: போதாது. குழந்தைக்கு அதை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். உடை காது வரை ஏறும். கடலில் விழுந்தாலும் அதுதான் நடக்கும்: உடை மிதக்கும், பிள்ளை கீழே நழுவுவான். இதை யோசிக்காமலா வாங்கினீர்கள்? இன்றே மாற்றுங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பதைச் சோதிக்க வேண்டும். நான் வாங்கிய ஒன்றை அரியமான் கடற்கரையில் இடுப்பளவு நீரில் அமுக்கி வைத்தேன். சற்று நேரத்தில் கனத்துப்போனது. தையலைப் பிரித்தால் உள்ளே மெத்தைக்குப் போடும் நுரை. பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். உயிரைக் காக்கும் பொருளில் இப்படிச் செய்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி (கீழக்கரை): சுயதொழிலுக்காகக் கடையில் பழைய 40 குதிரைத்திறன் என்ஜின் வாங்கிப் புதுப் படகில் மாட்டினேன். வெறும் படகு பறக்கிறது. ஆளைக் கட்டி இழுத்தால் அவர் நீரிலிருந்து எழுவதே இல்லை. விற்றவர் "60 வாங்குங்கள்" என்கிறார்.

பதில்: ஐயா, 60 வாங்காதீர்கள். முதலில் புரொப்பெல்லரைப் பாருங்கள். நடுக்குமிழிலோ இறக்கையிலோ 11 × 15 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம். இரண்டாவது, வழுக்கல் இல்லை என்று கொண்டால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. இதைப் பிட்ச் என்பார்கள். பிட்ச் பெரிதானால் வெறும் படகு வேகமாக ஓடும். ஆனால் சறுக்குபவர் நீருக்குள் குந்தியிருக்க, படகும் இன்னும் மேலெழாத அந்தச் சில நொடிகளில் இழுவை இருக்காது. மேட்டில் நான்காவது கியரில் பைக்கைக் கிளப்புவதற்குச் சமம்.

முழு வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓட வேண்டும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் 5,000 முதல் 6,000 வரை. ஆளை இழுக்கும்போது அதை எட்டாவிட்டால் பிட்ச் குறைந்த புரொப்பெல்லரை மாட்டுங்கள். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 200 சுற்று கூடும். வெறும் படகில் அந்த வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கோபமே இங்குதான். மூடியில் பெரிய எழுத்தில் 40 என்று ஒட்டி விற்கிறார்கள்; பில்லில் "என்ஜின் 1" என்று மட்டும் எழுதுகிறார்கள். தண்ணீரைத் தள்ளுவது ஸ்டிக்கரா? வரிசை எண், தயாரிப்பு ஆண்டு, புரொப்பெல்லர் வரை இறங்கும் தண்டின் நீளம் 15 அங்குலமா 20 அங்குலமா, புரொப்பெல்லர் அளவு எல்லாம் பில்லில் வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். மணலில் உரசிய இறக்கைக்குப் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்து விற்பதும் உண்டு. நகத்தால் ஓரத்தைத் தடவுங்கள், பல் பல்லாகத் தட்டும்.

உங்கள் பிழைப்புக்காக நீங்களே ஓட்ட வாங்கியதால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். கடைக்காரர் சொன்னது பொய்யென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்.

கேள்வி (பரமக்குடி): கடற்கரையில் நீர்ச்சறுக்குக்கு நான்கு பேருக்கு முன்பணம் கட்டினோம். காற்று பலம் என்று படகை எடுக்கவில்லை, பணமும் தரவில்லை. ரசீதும் கிடையாது.

பதில்: அம்மா, காற்றில் படகை எடுக்காதது சரி. பணத்தை வைத்துக்கொண்டது அநியாயம். ரசீது தராததே சட்டப்படி முறையற்ற வணிகம். கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவு இருந்தால் அதுவே சான்று, அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. விடாதீர்கள்.

கேள்வி (மண்டபம்): வலைக்கடை நைலான் கயிற்றில் சறுக்குபவரை இழுக்கலாமா? விலை பாதிதான்.

பதில்: கூடாது. நைலான் ரப்பர்போல நீளும், அறுந்தால் பாய்ந்து வந்து அடிக்கும், தொய்ந்தால் மூழ்கிப் புரொப்பெல்லரில் சுற்றும். இதற்கென்றே விற்கும் மிதக்கும் கயிற்றை வாங்குங்கள்; வழக்கமான நீளம் 75 அடி.