சாண எரிவாயுக் கலனில் போட்டால் கிருமிகள் செத்துவிடுமா?

குறையும், ஆனால் முழுக்கச் சாகாது. கலனிலிருந்து வரும் கழிவுக் கரைசலை அப்படியே கீரைக்கு ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊற்ற வேண்டாம் என்பேன்.

முக்கியமான விஷயம் வெப்பநிலைதான். சூடேற்றி ஓட்டும் கலன்களில் பெரும்பாலானவை 35 முதல் 40 டிகிரி செல்சியஸில் ஓடுகின்றன. அது மாட்டின் உடல் சூட்டுக்குப் பக்கம். குடலில் வாழும் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கு அந்தச் சூடு ஒன்றும் புதிதல்ல. அங்கே அவற்றைக் குறைப்பது இரைக்கான போட்டி, அமோனியா, கரிம அமிலங்கள் போன்றவை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். 50-55 டிகிரியில் ஓடும் கலனில் இதே வேலை சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் சில நாட்களில் முடிந்துவிடும்.

சரி, 30 நாள் உள்ளே கிடந்தால் போதாதா? அந்த 30 நாள் வெறும் சராசரி. தினமும் ஒரு பக்கம் புதுச் சாணம் போக, மறுபக்கம் கரைசல் வெளியேறுகிறது. உள்ளே கலக்கிவிடும் கலனில், காலையில் போட்டதில் கொஞ்சம் மாலையிலேயே வெளியே வந்துவிடலாம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

கிளாஸ்ட்ரிடியம், பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவம்) வேறு ரகம். 70 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் சால்மொனெல்லா சாகும். இந்த வித்துகள் அதையும் தாங்கும்.

பச்சையாகச் சாப்பிடும் பயிருக்கு வேண்டுமென்றால் கரைசலை நன்றாக மக்கவைத்து, விதைப்பதற்குச் சில மாதங்கள் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். அப்புறம், புதுச் சாணம் அள்ளிய வாளியாலேயே அதை மொள்ளாதீர்கள்.