பௌர்ணமிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?
பௌர்ணமியில் அப்படி என்ன விசேஷம் என்பதுதானே கேள்வி? நம் திருநாள் கணக்கே அதில்தான் நிற்கிறது. முழுநிலா மாதந்தோறும் ஏறக்குறைய ஒரு குறிப்பிட்ட நட்சத்திரத்தோடு கூடும்: வைகாசியில் விசாகம், தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம். பஞ்சாங்கம் கையில் இல்லாதவரும் வானத்தைப் பார்த்தே நாளைச் சொல்லிவிடலாம்.

சென்னையில் இருப்பவர்கள் மாசி மகத்தன்று மெரினாவுக்கு அவசியம் போக வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் கோயில்களின் உற்சவர்கள் கடற்கரைக்கு எழுந்தருள, சுவாமியை நீராட்டும் தீர்த்தவாரி நடக்கும். சூரியனும் பூமியும் நிலாவும் ஒரே வரிசைக்கு வருவதால் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதமும், அதாவது கடல்நீர் மட்டமும், கூடுதலாக ஏறும். கடலாடுவதற்கு இந்த நாளைத் தேர்ந்ததில் பொருத்தம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. சம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைப் பதிகத்திலேயே மாசிக் கடலாட்டும் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்துவிடுகின்றன. எவ்வளவு பழைய வழக்கம், பாருங்கள்!

அப்புறம், நிலாவில் வடை சுடும் பாட்டி. அந்தக் கறுப்புத் திட்டுகள் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். குழந்தைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள்.

பௌர்ணமியில் மனநோய் முற்றும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. வீட்டில் யாருக்காவது மனநலம் சரியில்லை என்றால் திதி பார்க்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.