அந்தத் தாளில் கையொப்பமிட வேண்டாம்

கேள்வி: கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலுள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஏழு வருடங்களாக மெஷின் ஒப்பரேட்டராக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம். நாங்கள் சுமார் 300 பேர். ஓடர் குறைந்துவிட்டதென்று கூறி, கடந்த வாரம் எங்களில் 20 பேரை ஒவ்வொருவராக மனிதவளப் பிரிவுக்கு அழைத்து, 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்ற தாளில் கையொப்பம் கேட்டார்கள். என் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதில் முன்பே தட்டச்சிடப்பட்டிருந்தன. கையொப்பமிட்டால்தான் பணிக்கொடை கிடைக்கும் என்றார்கள். நான் மறுத்தேன். மறுநாள் காவலாளி என்னைக் கேற்றடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.
— வாசகி, சீதுவை

பதில்: நீங்கள் மறுத்தது மிகச் சரி, சகோதரி. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்துவதாயின், ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். ஓடர் குறைவு ஒழுக்காற்றுக் காரணம் அல்ல. அனுமதி கேட்டால் ஆணையாளர் விசாரணை நடத்துவார், நட்டஈட்டையும் நிர்ணயிப்பார்; உங்கள் கையொப்பம் கிடைத்துவிட்டால் இவை இரண்டுமே தேவைப்படா. அந்தத் தாளுக்காக நிர்வாகம் இவ்வளவு அவசரப்படுவது இதனால்தான்.

பணிக்கொடை பற்றிச் சொன்னது வெறும் மிரட்டல். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனத்தில் ஐந்து வருடச் சேவையைப் பூர்த்தி செய்தவருக்கு, அவர் தாமாக விலகினாலும் நிறுத்தப்பட்டாலும் 1983ஆம் ஆண்டின் சட்டம் அதை உரித்தாக்குகிறது. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில், உங்களுக்கு மூன்றரை மாதச் சம்பளம் வர வேண்டும். ஊழியர் சேமலாப நிதியும் அப்படியே உங்களுடையதுதான்.

இனி வேகமாகச் செய்ய வேண்டியவை. வேலைக்கு வந்தும் உள்ளே விடப்படவில்லை, இப்போதும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன் என்று நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். இதைச் செய்யாதவர்களைத்தான் பிற்பாடு 'வேலையைக் கைவிட்டுச் சென்றார்' என்று கூறிவிடுகிறார்கள். உங்கள் பெயரைத் தாங்களே அடித்துவைத்த தாளொன்றை 20 பேரிடம் நீட்டியிருக்கிறார்கள் அல்லவா? அது சொந்த விருப்பத்தில் விலகுபவர் எழுதும் கடிதமல்ல என்பதற்கு அதுவே வலுவான சான்று. உடனிருந்தவர்களின் பெயர், திகதி, நேரம் எல்லாவற்றையும் இன்றே குறித்து வையுங்கள். ஏற்கெனவே கையொப்பமிட்ட தோழிகளும் மனந்தளர வேண்டாம், வற்புறுத்திப் பெற்ற விலகலை அவர்கள் சவாலுக்கு உட்படுத்தலாம்.

பிறகு தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். சட்டத்தை மீறிய பணிநிறுத்தம் செல்லுபடியற்றது. சம்பளத்துடன் மீண்டும் வேலையில் அமர்த்துமாறு ஆணையாளர் உத்தரவிடலாம். மற்றைய வழி, பணிநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை. அங்கே விண்ணப்பிக்க, பணி நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாத அவகாசமே உண்டு. திணைக்களத்துக்கு நடந்து நடந்தே அந்த ஆறு மாதத்தைத் தொலைத்தவர்களுக்காக நான் வருந்தாத நாளில்லை. ஆகவே எந்த வழி என்பதை இந்த மாதத்திலேயே ஒரு சட்டத்தரணியுடனோ தொழிற்சங்கத்துடனோ கலந்து முடிவு செய்யுங்கள். நீங்கள் சங்க உறுப்பினரானால், சங்கமே உங்கள் சார்பில் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: 'ஊழியர் சபை இருக்கிறதே, சங்கத்துடன் ஏன் பேச வேண்டும்?' என்கிறது எங்கள் நிர்வாகம். இது சரியா?
— வாசகர், பியகம

பதில்: சரியல்ல. தொழிற்சங்கம் அமைப்பதும் அதில் சேர்வதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமை. தொழிற்சாலைக்குள் ஊழியர் பிரதிநிதிகளைக் கொண்டு அமையும் குழுவான ஊழியர் சபை அதற்கு ஈடாகாது. எந்தத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் பேச முனைகிறதோ அவர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதோர் அதன் உறுப்பினர்களாக இருந்தால், பேச மறுப்பது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. சங்க உறுப்பினர் என்பதற்காக மட்டும் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதும் அவ்வாறே. உறுப்பினர் பட்டியலையும் சந்தாப் பதிவேட்டையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, பேச்சுவார்த்தைக்கான கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். மறுப்பையும் எழுத்திலேயே கேட்டுப் பெற்றுத் திணைக்களத்தில் ஒப்படையுங்கள்.