வீடியோ புரிகிறது, குவிஸ் தவறுகிறது: ஆன்லைனில் புள்ளியியல் படிப்பவருக்கு

கேள்வி: பி.காம் முடித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளும் ஆன்லைன் புள்ளியியல் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தேன். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, குவிஸில் பாதி தவறாகிறது. மாதிரிப் பரவல் பாடத்தைத் தாண்டவே முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்தப் பாடத்தில் தடுக்கி நிற்பவர்கள் ஏராளம். அதுவரை வந்த சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) எல்லாம் கையில் இருக்கும் தரவைப் பற்றியவை. இங்கேதான் முதல்முறையாக, எடுக்காத மாதிரிகளைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். இதே அளவு மாதிரியைத் திரும்பத் திரும்ப எடுத்தால் சராசரி எப்படியெல்லாம் மாறும் என்பதே கேள்வி. வீடியோவை மறுபடி ஓட்டுவதால் இது பிடிபடாது. செய்து பார்த்துவிடுங்கள்.

எக்செல்லைத் திறந்து ஏ1 முதல் ஒய்1 வரை 25 கட்டங்களில் ராண்ட்பிட்வீன் ஃபார்முலாவை 1, 6 என்ற எல்லைகளோடு போடுங்கள். ஒரு பகடையை 25 முறை உருட்டியதற்கு இது சமம். இசட்1-இல் அந்த வரிசையின் சராசரி. மொத்த வரிசையையும் 500 வரி வரை கீழே இழுங்கள். ஒரு பகடையின் திட்டவிலக்கம் சுமார் 1.71. இசட் நெடுவரிசையில் உள்ள 500 சராசரிகளின் திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டால் 0.34-ஐ ஒட்டி வரும். 1.71-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் வருவதும் அதே 0.34. இதுதான் திட்டப்பிழை. வரிசைக்கு 100 உருட்டல் என்று மாற்றினால் அது 0.17 ஆகும்: பிழை பாதியாகக் குறைய நான்கு மடங்கு தரவு வேண்டும்.

25 உருட்டல் தாளிலேயே இன்னொன்றும் பாருங்கள். ஒவ்வொரு வரிசையின் சராசரிக்கும் இருபுறம் 0.67 (1.96 பெருக்கல் 0.34) விட்டு ஓர் இடைவெளி அமைத்து, பகடையின் உண்மையான சராசரியான 3.5 அதற்குள் விழுகிறதா என்று எண்ணுங்கள். 500-இல் ஏறத்தாழ 475 வரிசைகளில் விழும். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்பதன் பொருள் இவ்வளவுதான். எஃப்9 தட்டினால் எண்கள் எல்லாம் மாறும். நாலைந்து முறை தட்டிப் பாருங்கள், எண்ணிக்கை 475-ஐச் சுற்றியே இருக்கும்.

குவிஸில் விடை தவறாவதற்கு அடிக்கடி காரணமாகும் சிறு விஷயம் ஒன்று உண்டு. 4, 6, 8, 10, 12-இன் திட்டவிலக்கம் என்ன? சராசரி 8. அதிலிருந்து ஒவ்வோர் எண்ணும் விலகும் அளவின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. அதை 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் விடை 2.83, 4-ஆல் வகுத்து எடுத்தால் 3.16. இருப்பதே இந்த ஐந்து எண்கள்தான் என்றால் முதல் விடை. பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்றால் இரண்டாவது. எக்செல்லில் திட்டவிலக்கத்துக்குப் பின்னொட்டு பி, எஸ் என்று இரண்டு ஃபார்முலாக்கள் இருப்பது இதற்காகத்தான். கேள்வியில் ‘மாதிரி’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அடுத்து கருதுகோள் சோதனை வரும். பி மதிப்பு 0.03 என்றால் ‘இன்மைக் கருதுகோள் (உண்மையில் வேறுபாடு இல்லை என்ற அனுமானம்) சரியாக இருக்க 3 சதவீத வாய்ப்பு’ என்று தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். இன்மைக் கருதுகோள் சரி என்றே வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வர 3 சதவீத வாய்ப்பு என்பதுதான் அது. பகடைத் தாள் கைவந்தவருக்கு இது தானாகவே விளங்கும். அதனால்தான் அதற்கு இவ்வளவு இடம் கொடுத்தேன். நிகழ்தகவுப் பாடத்தில் வரும் சீட்டுக்கட்டுக் கணக்குகளில் சிக்கிக்கொள்ள வேண்டாம். நிபந்தனை நிகழ்தகவு (ஒன்று நடந்தது தெரிந்த பிறகு இன்னொன்று நடக்கும் வாய்ப்பு) தெளிவாகிவிட்டால் மேலே போகலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி போதும். அதில் வீடியோவுக்கு 20 நிமிடம், மீதி முழுக்கக் கணக்கு. ஆசிரியர் கணக்கைப் போடத் தொடங்கும்போதே வீடியோவை நிறுத்தி, விடையை நீங்கள் எழுதிய பிறகு ஓட்டுங்கள். குவிஸை நோட்டைப் பார்க்காமல் எழுதுங்கள். தவறியவற்றை ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். அன்றே திரும்ப எழுதினால் விடை நினைவிலிருந்து வந்துவிடும். கோர்ஸில் கணக்குகள் குறைவாக இருந்தால் கான் அகாடமியில் பயிற்சிகள் இலவசம். ஆங்கிலக் கலைச்சொற்கள் தடுத்தால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்புப் புள்ளியியல் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், கருதுகோள் சோதனைப் பாடத்தின் குவிஸை நோட்டு இல்லாமல் முடித்த பிறகு கட்டுங்கள்.