ஒரு கவுன்சிலரின் பத்து வருடங்கள்

அன்புள்ள ஐயா,

வடசென்னையில் எங்கள் பகுதியில் ஓர் அம்மா இருக்கிறார். 1996-ல் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தார். 2001-லும் ஜெயித்து, பத்து வருடம் மாநகராட்சி கவுன்சிலராக இருந்தார். அதற்கு முன் வீட்டைத் தவிர வேறு பொறுப்பு எதுவும் பார்த்தவர் இல்லை. 2006-க்குப் பிறகு கட்சியிலும் அவரை யாரும் கூப்பிடவில்லை. வரும் தையில் அவருக்கு 75 வயது நிறைகிறது. நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு மலர் கொண்டுவர நினைக்கிறோம். ஆனால் அவர் என்ன செய்தார் என்று தெருவில் கேட்டால், “லைட்டு போட்டாங்க, சாக்கடை அடைப்பு எடுத்துவிட்டாங்க, போன் பண்ணா வருவாங்க” என்பதோடு முடிந்துவிடுகிறது. நான்கு பக்கம்கூடத் தேறாது போலிருக்கிறது. ஒரு கவுன்சிலரின் பொதுவாழ்க்கையை எப்படி எழுதுவது?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

எழுத நிறைய இருக்கிறது. அவர் உள்ளே போன வருடத்தையே முதலில் பாருங்கள். சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. அதன்பின் 1996 வரை, 23 வருடம், தேர்தலே கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நகரத்தை நடத்தினார்கள். அதற்குள் ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் யார் என்று தெரியாமல் வளர்ந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் வந்த பிறகு நடந்த அந்தத் தேர்தலில்தான், மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற விதிப்படி நீங்கள் சொல்லும் அம்மா போன்றவர்கள் மாநகராட்சியின் தலைமையிடமான ரிப்பன் மாளிகைக்குள் போனார்கள். வேலையைச் சொல்லித்தர முந்தைய கவுன்சிலர் என்று பக்கத்தில் யாரும் இல்லை. அதிகாரிகளுக்கோ, கேள்வி கேட்க ஆள் இல்லாமல் வேலை பார்த்தே பழகிப்போயிருந்தது.

அதனால் அவரிடம் இப்படிக் கேளுங்கள். முதல் கூட்டத்தில் எங்கே உட்கார்ந்தீர்கள்? மன்றத்தில் கேள்வி எழுதிக் கொடுக்க யார் கற்றுத்தந்தார்கள்? கட்சியின் வட்டச் செயலாளர் சொன்னபோது கை தூக்கினீர்களா, ஒருமுறையாவது தூக்காமல் இருந்தீர்களா? வீட்டு ஆண்கள் உங்கள் பெயரில் அலுவலகத்தில் உட்கார்ந்தார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். எத்தனையோ பெண் உறுப்பினர்களின் பதவிக்காலத்தை அப்படித்தான் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர் அதை எப்படிச் சமாளித்தார் என்பதற்கே உங்கள் நான்கு பக்கம் போதாது.

அடுத்தது தண்ணீர். 2003-லும் 2004-லும் சென்னை பட்ட பாடு உங்கள் பகுதியில் வயதானவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஏரிகள் வறண்டன, குழாயில் காற்றுதான் வந்தது, லாரி வந்தால்தான் அடுப்பெரியும். இதில் கவுன்சிலரின் நிலைமை விசித்திரமானது. குடிநீரும் கழிவுநீரும் 1978-லேயே சட்டப்படி மெட்ரோவாட்டர் வாரியத்துக்குப் போய்விட்டன. லாரியை அனுப்பும் அதிகாரம் கவுன்சிலருக்கு இல்லை. ஆனால் காலிக் குடத்தோடு ஜனங்கள் வந்து நின்றது அவர் வாசலில்தான். அவர் கையில் இருந்தது போன் ஒன்றுதான். லாரி எந்த முனையில் நின்றது, எந்தத் தெருவுக்குக் கடைசியாக வந்தது, ஓட்டுப் போடாத தெருவுக்கும் வந்ததா, இதையெல்லாம் அவரிடமும் கேளுங்கள், அந்தத் தெருக்காரர்களிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனாலும் எழுதுங்கள், போகாவிட்டாலும் எழுதுங்கள். உங்கள் பகுதி கடலை ஒட்டியது என்றால் 2004 டிசம்பர் 26 சுனாமியும் அவர் பதவிக்காலத்தில்தான் வருகிறது. அன்று முதலில் யார் வந்து நின்றார்கள் என்பதைக் கடற்கரையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தெருவில் சொன்ன லைட்டும் சாக்கடையும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கவுன்சிலர் என்பவர் வார்டுக்கு ஒரு போன் நம்பர் மட்டும் கிடையாது. அவர் மன்றத்தில் ஓர் ஓட்டு. அந்த ஓட்டு என்ன செய்யும் என்பதற்கு இதே மாநகராட்சியில் உதாரணம் இருக்கிறது. 1920-ல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட இந்த மன்றம்தான் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. சில வருடத்தில் அது நின்றுபோனாலும், பள்ளியில் சோறு என்கிற பேச்சை இந்த ஊரில் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தீர்மானத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு ஓட்டுப் போட்ட மற்ற உறுப்பினர்களின் பெயரை இன்று யார் சொல்கிறார்கள்? எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ராஜாஜி சேலம் நகராட்சியிலும் பெரியார் ஈரோடு நகராட்சியிலும் தலைவராக இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போதுகூட அந்த வருடங்களை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஆகவே மன்றக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடுங்கள். கேட்டால் தரவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். அவர் பெயர் எங்கே வருகிறது, எந்த நிலைக்குழுவில் இருந்தார், எந்தத் தீர்மானத்துக்கு எதிராகப் பேசினார் என்று பாருங்கள். பத்து வருடத்தில் பேச்சே பதிவாகவில்லை என்றால் அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

அப்புறம் பணம். பாராட்டு மலரில் இதை எப்படி எழுதுவது என்று கூசும். இருந்தாலும் கேட்க வேண்டும். வீடு கட்ட வாசலில் மணல் கொட்டியதுமே கவுன்சிலரின் ஆள் வந்து நிற்பான் என்பது இந்த நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கான்ட்ராக்டில் கமிஷனும் அப்படித்தான். தமிழ்நாட்டில் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023-ல் வந்ததுதான். இவர் காலத்தில் கூட்டத்துக்குப் போனால் ஏதோ படி, அவ்வளவுதான். அந்தப் பத்து வருடம் வீட்டுச் செலவு எப்படி நடந்தது? எதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்? அதனால் யாரைப் பகைத்துக்கொண்டார்? 2006-க்குப் பிறகு கட்சி ஏன் கூப்பிடவில்லை என்பதற்கான பதில் இங்கேகூட இருக்கலாம். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், சொன்னவரை எழுதுங்கள்.

தைக்கு அதிக நாள் இல்லை. மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள், பதில் வர 30 நாள் வரை ஆகும். அதற்குள் அவரோடு இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து பேசி, ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். மலர் அச்சுக்குப் போகும் முன் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.