அம்மாவின் சேலையில் கத்திரி வைக்கலாமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். அம்மா தவறிப் பதினாலு மாதம் ஆகிறது. அவர் கட்டிய ஏழு நூல் சேலைகள் என் பீரோவில் இருக்கின்றன. எடுத்துக் கட்டிக்கொள்ள மனம் வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. துண்டுபோட்டு ஒரு ஒட்டுப் போர்வை தைக்கலாமே என்று தங்கையிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள். ஆனால் பெரியம்மா, "செத்தவங்க சேலையில கத்திரி வைக்காதடி" என்கிறார். என் மகளோ, கடையில் நல்ல போர்வையே கிடைக்கும்போது மாதக்கணக்கில் உட்கார்ந்து எதற்குத் தைக்க வேண்டும் என்று கேட்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தையுங்கள். கடிதத்தைப் படித்ததும் முதலில் அதைத்தான் சொல்லத் தோன்றியது.

பெரியம்மாவின் மனம் நோகாமலும் தைக்கலாம். வங்காளத்தில் காந்தா என்று பழஞ்சேலைகளைச் சேர்த்துத் தைக்கும் ஒரு கைவேலை உண்டு, அதில் சேலையை வெட்ட வேண்டியதே இல்லை. கட்டிக் கட்டி நைந்த சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து அடிவரை சேர்த்து நூலோட்டிக்கொண்டே போவார்கள். நடுவில் பஞ்சு கிடையாது. பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய நூலிலேயே தைப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. பிறந்த குழந்தையை அதில்தான் சுற்றுவார்கள். நம் வீடுகளிலும் குழந்தைக்குப் பழஞ்சேலைதானே, தூளியும் அதுதான். எத்தனையோ முறை துவைத்துக் கஞ்சியும் விறைப்பும் போன நூல் துணியின் மெதுமெதுப்பு புதுத்துணியில் வராது.

ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் மூன்றாக மடித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஆறடி நீளத்தில் மூன்று அடுக்கு வந்துவிடும். ஒருவர் போர்த்திக்கொள்ள அது போதும்.

வெட்டித்தான் தைப்பேன் என்றால் அதுவும் தவறில்லை. அமெரிக்காவில் அலபாமா ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கறுப்பின மக்களின் ஊர் இருக்கிறது. அடிமைகளாகப் பருத்திக் காட்டில் வேலை செய்தவர்களின் வம்சம். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் பல மாதம் நோயில் கிடந்து இறந்துபோனார். 1942இல், அவர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்து மிசூரி ஒரு குயில்ட், அதாவது ஒட்டுப் போர்வை, தைத்தார். கணவரை நினைத்துக்கொள்ளவும், அன்புக்காக அதைப் போர்த்திப் படுக்கவும் தைக்கிறேன் என்று மகள் ஆர்லோன்சியாவிடம் சொன்னாராம். துணிகளைக் கிழிக்க உதவியது அந்த மகள்தான். அறுபது வருடம் கழித்து ஜீஸ் பெண்ட் பெண்களின் குயில்ட்டுகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது, அப்பாவின் கால்சட்டையை அம்மாவோடு சேர்ந்து கிழித்த அந்தப் பதின்வயதுப் பெண்தான்.

அந்த ஊரில் பெரும்பாலும் மேல்துணியை அவரவர் வீட்டில் தனியாக ஒட்டுப்போட்டு முடிப்பார்கள். நடுவே பஞ்சும் அடித்துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சுற்றி உட்காருவார்கள். பாட்டும் பிரார்த்தனையும் கூடவே நடக்கும்.

உங்கள் மகளுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான். கடைப் போர்வையைக் குறை சொல்லவில்லை, குளிருக்கு அது போதும். ஆனால் அதை வாங்க ஒருவர் போனால் போதுமே, நாலு பேர் சேர்ந்து உட்கார வேண்டியதில்லையே!

பாட்டி போன பிறகு அவருடைய இரண்டு சுங்குடிச் சேலைகளை நானும் சித்தியும் அத்தையும் இப்படித்தான் தைத்தோம். கோடு போட்டுக்கொள்ளவில்லை, சேலையின் புள்ளிகளையே வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனோம். மதியச் சாப்பாட்டுக்கு மேல் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை. ஊசியில் கண்ணை வைத்திருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம் இல்லையா, அதனாலோ என்னவோ, பாட்டிக்கும் தனக்கும் நடுவில் பல வருடம் பேச்சில்லாமல் இருந்த கதையைச் சித்தி அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னார். அன்று அவர் போட்ட தையல் கோணலாகப் போயிருக்கிறது. பிரித்துத் தைக்கலாமா என்று அத்தை கேட்டார், வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அத்தையின் தையல் நெல்மணி போட்ட மாதிரி சீராக இருக்கும், என்னுடையது நீளம் நீளமாக. இன்றைக்கும் அந்தப் போர்வையைத் தடவிப் பார்த்தே எது யார் கை என்று சொல்லிவிடுவேன்.

சரி, இனி கைவேலைக்கு வருகிறேன். சேலைகளைத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மிகவும் நைந்ததை நடுவில் வைத்து, கொஞ்சம் திடமானவற்றை மேலும் கீழும் போடுங்கள். முதலில் பெரிய பெரிய தையலாக நூலோட்டி அடுக்குகளை நகராமல் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துப் போனால் சுருக்கம் விழாது. நைலான் நூல் வேண்டாம், பழைய துணியை அது அறுத்துவிடும். பருத்தி நூலே போதும்.

ஆரம்பிக்கிற நாளில் பெரியம்மாவைக் கட்டாயம் கூப்பிடுங்கள். தைக்க முடியாவிட்டாலும் பக்கத்தில் உட்காரட்டும். அந்த ஏழு சேலைகளில் எது எந்த விசேஷத்துக்கு எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தது என்று உங்களுக்கும் தங்கைக்கும் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.