சிலுவையை எங்கே வைப்பது?

அன்புள்ள ஐயா,

நாங்கள் இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்குப் பதினான்கு வயது. அடுத்த மாதம் அவள் பள்ளியில் பெல்ஜியத்துக்கு அழைத்துப் போகிறார்கள். முதல் உலகப்போரில் இறந்த அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களைத் தேடிப் போகும் பயணம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெயரும், அவன் கல்லறையில் வைக்க ஒரு சின்னச் சிலுவையும் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் தேடிப் பார்த்தாள். இவளுக்கு வந்த பையனுக்குக் கல்லறையே இல்லையாம். ஈப்பர் ஊரில் மெனின் வாசல் என்ற நினைவு வளைவின் சுவரில் பெயர் மட்டும்தான். "அப்ப சிலுவையை எங்கேம்மா வைப்பேன்?" என்று அழுகிறாள். கட்டணமும் அதிகம். இது போரைப் புனிதமாக்கும் வேலைதானே? அவர்கள் நம் ஆட்கள்கூட இல்லையே, நம்மை ஆண்டவர்கள். அனுப்பத்தான் வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டணத்துக்குப் பள்ளியில் தவணை கேட்டுப் பாருங்கள், எனக்கு வேறு யோசனை இல்லை. போரைப் புனிதமாக்குவது பற்றியும் ரொம்பக் கவலைப்படாதீர்கள். ஈப்பர் பக்கத்திலேயே இருக்கும் டைன் காட் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 12,000 பேர் கிடக்கிறார்கள். அதில் 8,000 பேருக்கு மேல் யாரென்றே தெரியாது. அந்த வரிசைகளுக்குள் அரைமணி நேரம் நடந்த பிள்ளைக்குப் பட்டாள ஆசை வராது.

ஆனால் "நம் ஆட்கள்கூட இல்லையே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நூறு வருஷத்துக்கு முன் செத்த ஒருவனுக்காக ஒரு சின்னப்பெண் அழுகிறாள். நீங்கள் செத்தவனுக்கு ஜாதகம் பார்க்கிறீர்கள். அவள் அழுவது ஆண்ட பரம்பரைக்காக அல்ல, தன்னைப் போலவே அந்தப் பள்ளி மணிக்கு ஓடியவனுக்காக. வெட்கப்படுங்கள். பிறகு போய் அவள் தலையைத் தடவிக்கொடுங்கள்.

அவள் செய்திருக்கும் வேலை லேசானதல்ல. இந்தக் கல்லறைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கும் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் குடும்பப் பெயரை மட்டும் போட்டால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். முதலெழுத்து, ரெஜிமென்ட், இறந்த தேதி என்று சலித்துச் சலித்து ஒரே ஒருவனைப் பிடித்திருக்கிறாள். மெனின் வாசலில் 54,000 பெயர்களுக்கு மேல் இருக்கின்றன. ரெஜிமென்ட் வாரியாக வரிசை, அதற்குள் பதவி வாரியாக, அதற்கும் உள்ளேதான் அகரவரிசை. ரெஜிமென்ட் தெரியாமல் போனால் கழுத்துவலிதான் மிச்சம். நான் அப்படி அண்ணாந்து நின்றிருக்கிறேன். அப்போது கண்ணில் பட்டவைதான் இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்கள். 1914 அக்டோபரிலேயே நம் சிப்பாய்கள் அந்தச் சேற்றுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் தேடும் 'நம் ஆட்கள்' உங்கள் மகளுக்கு வந்த அந்தப் பையன் இருக்கும் அதே வளைவுக்குள்தான் இருக்கிறார்கள், அம்மா.

அங்கேயாவது பெயர் இருக்கிறது. இராக்கில் பஸ்ரா நினைவிடம் என்று ஒன்று உண்டு. மெசபடோமியாவில் இறந்த 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது. வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் கடைநிலை ஆளுக்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள். இந்தியப் படைப்பிரிவுக்கு வந்தால் சுபேதார், ஜமேதார் மாதிரி அதிகாரிகளின் பெயர்களோடு சரி. அதற்குக் கீழே, 'மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று ஒரு எண். பாலம், பதுங்குகுழி வேலை பார்க்கும் நம் மதராஸ் சாப்பர்கள் படை சண்டை போட்ட களம் அது. சுவரில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவர்களுக்குப் பெயர் எதற்கு என்ற நினைப்புதான். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. 2021-இல் அந்தப் போர்க் கல்லறை ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவர் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை, ஒருவேளை எந்த நினைவுச் சின்னமுமே இல்லாமல் இருக்கலாம் என்று அதில் இருக்கிறது.

எண் என்றதும் எனக்கு எங்கள் ஊர்க் கல் ஞாபகம் வந்துவிடும். தாலுகா ஆபீஸ் மதில் சுவரில் பதித்த, கைக்குட்டை அகலக் கல். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று இங்கிலீஷில் இருக்கும். மெட்ராஸ் ராஜதானியில் எத்தனையோ ஊர்களில் இதே வாசகம். எண் மட்டும் மாறும். எங்களுக்கு அது ஸ்டம்ப். கல்லுக்குக் கீழே கரியால் மூன்று கோடு. பந்து கல்லில் பட்டால் அவுட்டா இல்லையா என்று தினமும் சண்டை.

எங்கள் தெருவில் 'பஸ்ராக்காரர் வீடு' என்று ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று பாட்டியிடம் கேட்டேன். "சண்டைக்குப் போயிட்டு வந்தவருடா அவங்க தாத்தா" என்றாள். வராதவங்க வீட்டுக்கு என்ன பேர் என்று கேட்டேன். பாட்டி முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள், பதில் சொல்லவில்லை.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அந்தக் கல்லைத் தேடினேன். மதில் முழுக்கப் பச்சை பெயின்ட், கல்லுக்கும் சேர்த்து. சாவியால் சுரண்டிப் பார்த்தேன். இறந்தவர் எண்ணிக்கை 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. காவலாளி வந்து, "சார், சுவத்தைச் சுரண்டாதீங்க, இப்பத்தான் அடிச்சாங்க" என்றார்.

எங்கேயோ போய்விட்டேன். அனுப்புங்கள், அதைத்தானே கேட்டீர்கள்? சிலுவையைப் பெயர்ப் பலகைக்கு நேர் கீழே வைக்கச் சொல்லுங்கள், எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். பலகை எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளட்டும், அந்த நேரம் பார்த்து போன் சார்ஜ் தீரும். இரவு 8 மணிக்கு அந்த வாசலில் இறந்தவர்கள் நினைவாகக் கொம்பு ஊதுவார்கள், கூட்டம் நெருக்கும், ஏழரைக்கே போய் நின்றால் நல்லது. காற்று ஊசியாகக் குத்தும். காதுக்குக் குல்லாய் கொடுத்து அனுப்புங்கள்.